எழுபது பவுண்டு வில்

வெர்னா நைகார்ட் அந்த செப்டம்பரில் ஆப்பிள் பறிக்கப் போட்ட ஏணியிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். ஏணிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆப்பிள்களும் பெரும்பாலும் தப்பித்துவிட்டன.

கை உடைந்ததில் அவளுக்கு இருந்த ஒரே கவலை மான். வடக்கு விஸ்கான்சினில் அந்த வீட்டுக்கு இறைச்சி கொண்டுவருகிறவள் அவள்தான். பிள்ளைகளை ஸ்கூல் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, வில்லை எடுத்துக்கொண்டு, புல்வயல் ஓரத்து மரத்தில் கட்டிய பரணில் போய் உட்காருவாள். சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்தான், ஆனால் யாரோ வீட்டைக் காலி செய்தபோது வாசலில் போட்டு விற்றது. ஒரு வாஃபிள் சுடும் இயந்திரத்தோடு சேர்த்து வாங்கினாள். இயந்திரம் அந்த மாதமே பழுதாகிவிட்டது. வில்லை வைத்து மூன்று பிள்ளைகளை வளர்த்துவிட்டாள். வேட்டை பற்றி யாராவது உணர்ச்சிவசப்பட்டுப் பேசினால், "நான் கறி வாங்கப் போறேன், அவ்வளவுதான். டவுனுக்குப் போறதுக்குப் பதிலா மரத்து மேல போறேன்" என்பாள்.

அவள் கணவன் ஆர்லினுக்குக் காகித ஆலையில் வேலை. நவம்பர் கடைசியில் துப்பாக்கி சீசன் வந்தால் தம்பி டேலோடு காட்டுக்குப் போவான். அப்போது காடு முழுக்க வேட்டைக்காரர்களின் ஆரஞ்சு சட்டைகள். மான்கள் சதுப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆர்லின் பீர் குடித்துவிட்டுத் திரும்பி வருவான்.

அந்த வருஷம் ஆலையில் வேலை நேரத்தையும் குறைத்துவிட்டார்கள். கடையில் மாட்டிறைச்சி வாங்கிக் குளிர்காலத்தைத் தள்ள முடியாது. கீழ் அறையில் இருந்த பெரிய ஃப்ரீசரில் பட்டாணியும் போன வருஷத்துச் சாசேஜ் கொஞ்சமும்தான் கிடந்தன.

"நான் பாத்துக்கறேன்" என்றான் ஆர்லின். "ஆனா என் பழைய வில்லு இழுத்தா கிறீச்சுங்குது. மான் காது கேக்காத ஜந்தா?"

"எண்ணெய் விடு."

அவன் எண்ணெய் விடவில்லை. பனிவண்டியை விற்றுவிட்டு, டேலைக் கூட்டிக்கொண்டு வில் கடைக்குப் போனான். கடையிலேயே விலை கூடிய வில்லோடு வந்தான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வெர்னா இடது கையால் தூக்கிப் பார்த்தாள். எடையே தெரியவில்லை. ஆர்லின் ஓர் அம்பு விட்டுக் காட்டினான், சத்தமே இல்லை. அதை அவள் ஒப்புக்கொண்டாள்.

"இழுவை எத்தனை பவுண்டுல வச்சிருக்க?"

"எழுபது."

"எதுக்கு?"

"டேலும் எழுபதுதான் வச்சிருக்கான்."

"உன் தோளுக்கு போன வருஷம் ஊசி போட்டாங்களே, அது டேலுக்கா போட்டாங்க?"

"இது வேற மாதிரி வில்லு, வெர்னா. வெண்ணெய் மாதிரி வருது."

கடையில் அப்படித்தான் வந்தது. கடைக்குள் ஹீட்டர் ஓடியது, ஆர்லின் டி-ஷர்ட்டில் நின்றான். அக்டோபர் முழுக்கக் கொல்லைப்புறத்தில் வைக்கோல் கட்டு மேல் அம்பு விட்டான். தப்பாமல் பட்டது.

நவம்பர் பிறந்தது. கலைமான்கள் பெட்டைகளைத் துரத்திக்கொண்டு பகலிலேயே வெளியே சுற்றும் வாரம் அது. ஆர்லின் இருட்டு விலகுமுன் போய்ப் பரணில் உட்கார்ந்தான். அந்தப் பரண் வெர்னாவின் சமையலறை ஜன்னலுக்கு நேரே தெரியும். அவள் ஒற்றைக் கையால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஜன்னல் விளிம்பில் தூரநோக்கி இருந்தது.

ஒரு கொழுத்த கலைமான் வயலைக் கடந்து நேராகப் பரணுக்குக் கீழே வந்து நின்றது. வெர்னா சோப்புக் கையோடு தூரநோக்கியை எடுத்தாள். ஆர்லின் வில்லைத் தூக்கினான். இழுத்தான். நாண் பாதி வந்து நின்றது. வில்லை வானத்தைப் பார்க்க உயர்த்தி, முழங்காலை மடக்கி, சேற்றில் புதைந்த வேலிக் கம்பத்தைப் பிடுங்குகிறவன் மாதிரி மறுபடி இழுத்தான். மான் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு நடந்து போய்விட்டது, ஓடக்கூட இல்லை.

ஆர்லின் வீட்டுக்கு வந்து பூட்ஸைக் கழற்றினான்.

"ஒண்ணும் வரல" என்றான்.

"வந்துச்சு. உன்னையும் பாத்துச்சு."

அவன் ஜன்னலைப் பார்த்தான். அப்புறம் தூரநோக்கியைப் பார்த்தான். "குளிர்ல தோள் பூட்டிக்கிச்சு" என்றான்.

அவன் தூங்கும்போது போல்ட்டைத் தளர்த்தி வில்லின் இழுவையைக் குறைத்துவிடலாமா என்று வெர்னாவுக்கு ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் இழுவை குறைந்தால் அம்பு குறி வைத்த இடத்துக்குக் கீழே போகும். அது தெரியாமல் அவன் விட்டால் மான் காலில் அம்போடு சதுப்புக்குள் போய்ச் சாகும். அதனால் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"ஐம்பத்தஞ்சுக்கு இறக்கு."

"டேல் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். ஜனவரியில நம்ம தட்டுல டேலோட சிரிப்பையா வைக்கப் போறேன்?"

ஆர்லின் காபியைக் குடித்து முடித்தான். பிறகு ஆலன் கீயை எடுத்து, மேலும் கீழும் இருந்த போல்ட்டுகளைச் சமமாகத் தளர்த்தினான். வெர்னா விடவில்லை. வேட்டைக் கோட்டைப் போடச் சொல்லி, கொல்லையில் ஸ்டூல் போட்டு, மூக்கு சிவக்கும் வரை அசையாமல் உட்காரவைத்தாள்.

"இப்ப இழு."

இழுத்தான். வந்தது. அம்புகள் வைக்கோல் கட்டின் அடியில் குத்தின. குறி பார்க்கும் ஊசியை நகர்த்தி, மறுபடி விட்டு, மறுபடி நகர்த்தி, எல்லாம் ஒரே இடத்தில் விழும் வரை அவள் வீட்டுக்குள் போகவில்லை.

அந்த வாரக் கடைசியில் கொம்பு இல்லாத ஒரு பெட்டை மான் வந்தது. வேலிக் கம்பத்தைப் பிடுங்கும் வேலை இல்லாமல் ஆர்லின் இழுத்தான். அம்பு விலாவில் புகுந்து மறுபக்கம் வந்து தரையில் நின்றது. மான் வயலின் பாதியைத் தாண்டவில்லை.

ஈரலை அன்றைக்கே வெங்காயத்தோடு வதக்கினார்கள். டேல் கறி வாசம் பிடித்த மாதிரி வந்து சேர்ந்தான். தட்டை நிரப்பிக்கொண்டு, "எழுபதுல போனா அப்படித்தான் ஊடுருவும்" என்றான்.

ஆர்லின் ரொட்டியைப் பிய்த்தான். "ஐம்பத்தஞ்சு" என்றான்.

டேல் சிரிக்கவில்லை. வலது தோளைத் தானாகத் தேய்த்துக்கொண்டான். "இந்த வருஷம் எனக்கு ஒண்ணும் வரல" என்றான்.

"வந்திருக்கும்" என்றாள் வெர்னா.

பிறகு ஆர்லின் கேட்டான்: "சரி சொல்லு. கொடுத்த காசுக்கு வில்லு தகுமா தகாதா?"

வெர்னா யோசித்தாள். "சத்தம் போடல. அது நிஜம். ஆனா ஐம்பத்தஞ்சுல உன் பழைய வில்லும் இதே மானைத்தான் அடிச்சிருக்கும், எண்ணெய் விட்டிருந்தா. பாக்கிக் காசு டேல் முன்னாடி நின்னு எழுபதுன்னு சொல்றதுக்குக் கொடுத்தது."

டேல் இன்னும் கொஞ்சம் ஈரல் கேட்டான். அவள் போடவில்லை. ஒரு மான் மார்ச் வரைக்கும் வராது என்றும், ஆர்லின் காலையில் மறுபடி பரணுக்குப் போக வேண்டும் என்றும், டேல் இப்போது கீழே போய்த் தொடைக்கறியை வெட்டித் தர வேண்டும் என்றும் சொன்னாள். கத்தியைப் பிடிக்க அவளுக்குக் கை இல்லை. டேல் எழுந்து போனான்.