கிளார்க்கு கை

அண்ணன் இறந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. கருமாதிக்கு வந்திருந்த ஒரு சித்தப்பா, சாப்பிட்ட கையைத் துடைத்தபடி, "அவன் எதுலயும் நிலைச்சு நின்னதில்ல லா. சின்ன வயசுல ஒரு கிட்டார் வச்சிருந்தான், அதையும் பாதியில விட்டான்" என்றார். யாரும் மறுக்கவில்லை. அந்த 'பாதியில விட்ட' கதையை முழுதாக அறிந்தவள் இப்போது நான் ஒருத்திதான்.

அப்போது எங்கள் வீடு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தது. அப்பாவுக்குத் தண்டவாள வேலை. அம்மா கிள்ளான் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். அண்ணன் இங்கிலீஷ் பள்ளியில் படித்து ரயில்வே ஆபீசில் கிளார்க்காகச் சேர்ந்திருந்தான். எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசையில் சம்மட்டி பிடித்தவர் பிள்ளை பேனா பிடித்தது எங்கள் வீட்டில்தான். நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த சிறுமி.

சிங்கப்பூருக்கு மாற்றலாகிப் போன ஒரு யூரேசிய நண்பர் அண்ணனிடம் ஒரு கிட்டாரை விட்டுப் போனார். அண்ணன் முதலில் எல்லாரையும் போல நேராகப் பாட்டில் பாய்ந்தான். பாட்டு இரண்டு அடி போகும், மூன்றாவது அடியில் விரல் பின்னிக்கொள்ளும், கிட்டார் கட்டிலில் விழும். சில மாதங்கள் இப்படியே போயின. பிறகு ஒருநாள், தேவையானது பாட்டு அல்ல, விரல் பழக்கம்தான் என்று அவனுக்குத் தோன்றியதோ என்னவோ, பாட்டையே வீட்டில் தடை செய்துவிட்டான்.

ரயில்வே வொர்க்ஷாப் சங்கு ஊதுவதற்கு முன்பே எழுந்துவிடுவான். முதல் வேலை, காப்பித் தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தின் மேல் கைகளைக் காட்டிச் சூடேற்றுவது. அடுத்தது விரல்களை விரித்து மடக்குவது. அதற்குப் பிறகுதான் கிட்டாரை எடுப்பான். சுவர்க் கடிகாரத்தின் ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு விரல், ஒரு ஒலி. தடித்த கம்பியில் தொடங்கி மெல்லிய கம்பி வரை இறங்கி, அதே வழியில் திரும்பி ஏறுவான். ஓர் ஒலி தெளிவில்லாமல் அமுங்கினாலும் மறுபடி முதலிலிருந்து. அமுங்கியதைச் சொல்லும் அதிகாரம் எனக்குத் தரப்பட்டிருந்தது. "அமுங்கிடுச்சு!" என்று நான் கத்துவேன். ஆபீசில் கணக்கு எழுதும் ஆள், ஒரு சிறுமி சொன்னதற்காகப் பேசாமல் திரும்ப ஆரம்பிப்பான். அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தில் சில நேரம் அமுங்காததையும் அமுங்கியது என்று சொன்னதுண்டு.

"என்னடா இது, ஷண்டிங் மட்டும்தான் நடக்குது, வண்டி எப்பதான் கெளம்பும்?" என்பார் அப்பா.

"கெளம்பும்பா. பெட்டியெல்லாம் சேரட்டும்."

இரும்புக் கம்பிகள். முதலில் இடது கை விரல் நுனிகள் கொப்புளித்தன, பிறகு உரிந்தன, அதன் பிறகு காய்த்துக் கெட்டியாகின. அண்ணன் அந்தக் காய்ப்பை மேசையில் தட்டிக் காட்டுவான். டக் டக் என்று கேட்கும். "இது இருந்தாத்தான் பாப்பா சத்தம் தெளிவா வரும். இத தண்ணியில ஊற விட்டா போச்சு" என்பான். குளிக்கும்போது இடது கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, வலது கையால் மட்டும் ஊற்றிக்கொள்வான். "சிக்னல் இன்னும் எறங்கலயா?" என்று அப்பா வெளியிலிருந்து கேட்பார். அம்மா விசாரித்தால் மட்டும், விரலில் புண் என்று சொல்லிவிடுவான்.

அம்மாவிடம் காரணத்தைச் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. அவளுக்குக் கிட்டார் என்றால் நாடகக் கம்பெனி, கள்ளு, ஊர் ஊராகத் திரிவது. ஆனால் அவள் சண்டை போடுகிறவள் அல்ல. சங்கு ஊதும் முன் தொடங்கும் அந்த டங் டங்கைக் கேட்டு ஒரு பெருமூச்சு விடுவாள், அவ்வளவுதான். அண்ணனுக்கு அந்தப் பெருமூச்சு அடியைவிட வலித்திருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில் ஒரு மணிலாக்காரர் நடத்திய பாண்டு இசைக்குழு, பத்து ரோடு என்ற கடைத்தெருப் பக்கம் தங்கியிருந்தது. அவர்களுக்கு ஒரு கிட்டார்காரர் தேவைப்பட்டது. சனிக்கிழமை சாயங்காலம் வாசித்துக் காட்ட வேண்டும். திங்கட்கிழமை பாண்டு பினாங்குக்குக் கிளம்புகிறது. பிடித்திருந்தால் அவனும் போகலாம். அண்ணன் இதைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னபோது அம்மா அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். இரண்டு நாள் அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தான்.

சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்து அவன் வந்தபோது, கொல்லையில் மணை போட்டிருந்தது. அடுப்பில் நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் பொரிந்துகொண்டிருந்தன.

"வா தம்பி, உக்காரு. நல்ல காரியத்துக்குப் போற. சனிக்கிழமையும் அதுவுமா காஞ்ச தலையோட போவியா? சூடு தணிஞ்சாத்தான் வெரல் ஓடும்."

அண்ணன் மணையைப் பார்த்தான். எண்ணெயைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான்.

தலைக்கு, முதுகுக்கு, தோளுக்குத் தேய்த்தாள். இடது கையை எடுத்தபோது நின்றாள்.

"புண்ணு ஆறிப்போச்சேடா. இது என்ன, காய்ப்பா? பேனா புடிக்கிற கையிலயா? எங்கப்பனுக்கு ரப்பர் மரம் சீவிக் காச்சுது. உங்கப்பாவுக்கு ரயில் ரோட்டுல காச்சுது. அது அவங்களோட போகட்டும்னுதானே ஒன்னப் படிக்க வச்சேன்?"

ஒவ்வொரு விரலாகச் சொடக்கு எடுத்து, எண்ணெயை நுனியில் ஊற்றி அழுத்தித் தேய்த்தாள். பிறகு அந்தக் கையைச் சுடுதண்ணீரில் அமுக்கி வைத்தாள்.

"அம்மா, அந்தக் கை நனையக்கூடாதுன்னு அண்ணன்..." என்று நான் ஆரம்பித்தேன்.

"பாப்பா, உள்ள போய்த் துண்டு எடுத்துட்டு வா" என்றான் அண்ணன்.

"என்னடா சொல்றா அவ?"

"ஒண்ணுமில்லம்மா. வெளையாட்டு."

நான் துண்டோடு வந்தபோது, அம்மா பீர்க்கங்கூட்டில் சீயக்காயைத் தோய்த்து விரல் நுனிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஊறிய தோல் வெள்ளை வெள்ளையாக உரிந்து வந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். சீயக்காய் கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்தேன். முடித்த பிறகு அவள் அந்தக் கையைத் தூக்கி என்னிடம் காட்டினாள். "இப்பப் பாரு, கிளார்க்கு கை."

எனக்கும் இப்போது வளர்ந்த மகன் இருக்கிறான். நான் தட்டில் வைத்ததை மறுபேச்சில்லாமல் சாப்பிட்டு எழுவான். முன்பெல்லாம் அக்கம்பக்கத்தில் அதைப் பெருமையாகச் சொல்வேன். இந்தச் சில வாரங்களாக அவன் "சரிம்மா" என்று சொல்லும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது. எதை விழுங்கிவிட்டு அதைச் சொன்னான் என்று அவன் முகத்தையே பார்க்கிறேன். கேட்டால், "என்னம்மா?" என்கிறான். அதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அண்ணனோடு போனார். அம்மா பூசிய திருநீறு அவன் நெற்றியில் அப்படியே இருந்தது. வாசித்துக் காட்ட வந்திருந்த மற்றவர்கள் உட்கார்ந்ததும் பாட்டை வாசிக்க, அண்ணன் மட்டும் ஓரமாக நின்று கைகளைத் தேய்த்து, விரல்களை மடக்கி விரித்து, வீட்டில் செய்வதைப் போலவே ஒழுங்காகச் செய்தான். அவன் முறை வந்தது. முதல் கம்பியிலேயே ஒலி அமுங்கியது. அடுத்ததும் அமுங்கியது. கம்பி அவன் விரல் நுனியில், பஞ்சுக்குள் பதிவதைப் போலப் பதிந்தது. 'அமுங்கிடுச்சு' என்பது என் வாய் வரை வந்து நின்றது. பாட்டின் பாதியில் நுனிகளில் ரத்தம் கசிந்தது. அவன் நிறுத்தாமல் கடைசி வரை வாசித்தான்.

மணிலாக்காரர் அவன் இடது கையைப் பிடித்து விரல்களைத் தடவிப் பார்த்தார். மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்தார். கெட்ட சிரிப்பு அல்ல. அப்பா எனக்குச் சொன்னார்: "கொழந்தப் புள்ள வெரலு மாதிரி இருக்காம். வீட்டுல கிட்டாரத் தொடுறதே இல்லையான்னு கேக்குறான்." அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தெனம் காலையில எங்க காது கிழியுது, இவன் என்ன..." என்று எழுந்தார். அண்ணன் அவர் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

திரும்பி வரும் வழியில் அண்ணன் சொன்னது ஒன்றுதான். "அம்மாகிட்ட, வேற ஆளு பாத்துட்டாங்கன்னு மட்டும் சொல்லுங்கப்பா." தோற்றதற்குத் திட்டு விழும் என்று பயப்படுகிறான் என்று நினைத்து, இவ்வளவு பெரிய அண்ணனா இப்படி என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். வீட்டில் அம்மா திட்டவே இல்லை. "சாமி பாத்துச் செஞ்சிருக்கு" என்று சொல்லி அவனுக்குச் சோறு போட்டாள். அவன் வலது கையால் சாப்பிட்டான். இடது கை மடியில் கிடந்தது.

திங்கட்கிழமை காலையில் சங்கு மட்டும் ஊதியது.

ஒரு வாரம் கழித்துக் குழாயடியில் பக்கத்து வீட்டு அத்தை, "என்னக்கா, காலையில டங் டங்கையே காணோம்? நிப்பாட்டிட்டியா?" என்று கேட்டாள்.

"நான் எங்க நிப்பாட்டினேன்? வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருப்பேனா? எண்ண தேச்சுக் குளிப்பாட்டி, துன்னூறு பூசி, நானேதான் அனுப்பி வச்சேன். அவனுக்கே சலிச்சுப் போச்சு. வேணும்னா இவளக் கேளு, பக்கத்துலதான் நின்னா."

அத்தை என்னைப் பார்த்தாள். அம்மா சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யாக எனக்குத் தோன்றவில்லை. "ஆமா அத்தை" என்றேன்.

அந்த நேரம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பிய அண்ணன் எங்களைக் கடந்தான். போகிற போக்கில் என் தலையில் கையை வைத்து ஒரு கணம் அழுத்திவிட்டுப் போனான். பெரியவர்கள் கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொன்னேன் அல்லவா, அதற்காகத்தான் என்று அன்று நினைத்துக்கொண்டேன்.