கன்னம் துடைக்கிற வேலை

அடுத்தவர் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் துடைத்துப் பிழைக்கிறவள் நான். பெங்களூரில் ரத்த மூலசெல், அதாவது ஸ்டெம் செல், தானம் தரச் சம்மதிக்கிறவர்களைப் பதிவு செய்யும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. ரத்தப் புற்றுநோய் வந்தவருக்கு, அவரோடு பொருந்துகிற இன்னொருவரின் செல்லை ஏற்றினால் பிழைக்க வழி உண்டு. அந்த இன்னொருவரைத் தேடி அலைவதுதான் எங்கள் பாடு. இன்சூரன்ஸ் விற்றவர்களே, சந்தா கேட்டுக் கதவு தட்டியவர்களே, நீங்கள் எல்லாம் என் இனம். நம்மைக் கண்டதும் ஜனங்களுக்குத் திடீரென்று போன் வரும் இல்லையா, என் எதிரிலும் வரும்.

காபி

குச்சியை வாயில் விடுவதற்கு முன் அரை மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது. ஓசூர் ரோட்டில் ஒரு ஐடி கம்பெனியில் முகாம் போட இடம் கொடுத்தார்கள், காபி மெஷினுக்குப் பக்கத்திலேயே. வந்தவர் கையில் எல்லாம் கப். விருதுநகரிலிருந்து வந்து வேலை பார்க்கும் பிரசன்னாவும் அதில் ஒருவர். கப்பைப் பிடுங்காத குறையாக வாங்கி வைத்து, நாற்காலியில் உட்கார வைத்தேன். அரை மணியும் அந்த மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் வாயைத் திறக்கும்போது சொன்னார்: "மூணு மணி நேரம் உக்கார வெச்சாலும் எனக்குள்ள காபிதான் மேடம் இருக்கும்."

அண்ணன்

செல்விக்கு மர்பி டவுனில் வீடு, ஒரு கார்மெண்ட்ஸ் ஃபேக்டரியில் தையல் வேலை பார்த்தவள். முப்பது வயதுக்குள் ரத்தப் புற்றுநோய். அவளுக்கு ஒரே அண்ணன் சேகர், சிவாஜிநகர் மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவர். சோதனைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில், கோயிலுக்கு வருகிறவர் போல வந்தார். தங்கைக்குத் தன் செல்தான் என்று முடிவே பண்ணிவிட்டிருந்தார்.

பொருந்தவில்லை. ஜீன்களில் அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி, எந்தப் பாதி யாருக்கு வரும் என்பது அவரவர் அதிர்ஷ்டம், கூடப் பிறந்தவர்களிடையே நாலில் ஒரு வாய்ப்புதான் என்று விளக்கினேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "ஒரே வயித்துல பொறந்தோம்க்கா. ஒரே தட்டுல துன்னோம். அம்மை கூட ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் போட்டுச்சு. இன்னும் என்னா பொருந்தணும்?"

ஒரு வேன் சொந்தம்

அடுத்த வாரம் ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் எங்கள் ஆபீஸ் வாசலில் இறங்கினார்கள். ரத்தம் வேண்டும் என்றால் ஆள் திரட்டிக்கொண்டு போவார்களே, அதே வழக்கம். சித்தி மகன், மாமன் மகள், எதிர் வீட்டுக்காரர் வரை சேகர் அழைத்து வந்திருந்தார். எல்லாரையும் துடைத்தோம். ஒருவரும் பொருந்தவில்லை.

முடிவைக் கேட்க சேகரும் அவர் மனைவி கௌரியும் வந்தார்கள். எங்கள் டாக்டரம்மா கன்னடக்காரர், தமிழில் பொறுமையாகச் சொன்னார். நாங்கள் பொருத்திப் பார்ப்பது, உடம்புக்குள் வருவது நம்ம ஆளா வேற்றாளா என்று காட்டிக்கொடுக்கும் ஜீன்களை. காலங்காலமாக அம்மையும் காய்ச்சலும் வாரிக்கொண்டு போனபோது, எந்தக் கிருமியை யார் உடம்பு அடையாளம் கண்டதோ அவர்கள் தப்பினார்கள். ஒரு நோய்க்கு ஒருவர், இன்னொரு நோய்க்கு இன்னொருவர். அவர்களின் பிள்ளைகள் நாம், அதனால்தான் ஆளுக்கு ஆள் வேறு. தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே பூட்டு என்றால் ஒரு சாவியில் தெருவே காலி. கௌரி கேட்டாள்: "அப்போ அன்னிக்குக் காப்பாத்துனதேதான் இன்னிக்குக் குறுக்க நிக்குதா?"

விருதுநகர் அம்மா

செல்விக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது. அப்போதுதான் கம்ப்யூட்டர் ஒரு பெயரைத் துப்பியது: காபி பிரசன்னா. சொந்தமில்லை, ஊர் வேறு, சாதி வேறு. யாருக்கு யார் என்று இரு பக்கமும் சொல்லக் கூடாது என்பது விதி. இருவரையும் தெரிந்த நான் வாயைக் கட்டிக்கொண்டு திரிந்தேன்.

பிரசன்னா உடனே சரி என்றார். அவர் அம்மாதான் போனில் மறுத்தார். பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முதுகெலும்பில் ஊசி போட்டு முடமாக்கிவிடுவோம் என்று பயம். கையில்தான் ஊசி, சில மணி நேரம் படுத்திருந்தால் போதும் என்று தினமும் பேசினேன். கல்யாணம் முடியட்டும் என்றார். அதுவரை தாங்காத ஒரு பெண் இருக்கிறாள் என்று நான் அழுதே விட்டேன். எத்தனை பொருத்தம் என்று கேட்டார் அந்த அம்மா. நாங்கள் பார்ப்பதும் பத்துதான், பத்தும் பொருந்துகிறது என்றேன். "கட்டிக்கப் போற பொண்ணுக்கே ஏழுதான் பொருந்துச்சு. போய்க் குடுத்துட்டு வரட்டும்மா."

சேகர் மறுபடியும்

பிரசன்னா கொடுத்தார். ஊசி எடுத்ததும் காபி கேட்டார். செல்வி பல மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாகக் கிடந்து, மெல்ல எழுந்தாள். கொடுத்தவர் யார் என்று சேகர் என்னைத் துளைத்தெடுத்தார், ஒரு கூடை வஞ்சிரம் கொண்டுபோய் இறக்க வேண்டுமாம். பிரசன்னா வீடு சுத்த சைவம். சிரிப்பை அடக்கிக்கொண்டு விதியைச் சொன்னேன்.

போன மாதம் சிவாஜிநகரில் முகாம். யார் வரப்போகிறார்கள் என்று சலிப்போடு உட்கார்ந்திருந்தேன். மீன் வாசனையோடு சேகர் வந்து எதிரில் உட்கார்ந்து வாயைத் திறந்தார். உங்களைத்தான் பார்த்தாகிவிட்டதே என்றேன். அது தங்கைக்காக மட்டும் பார்த்தது, பொதுப் பதிவில் தன் பேர் இல்லை என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார். "என் தங்கச்சிக்குத்தான் நான் ஒத்து வரலை. வேற எவனோட தங்கச்சிக்காவது ஒத்து வருவேன் இல்ல, தொடைங்கக்கா."

மனுசங்க எல்லாரும் ஒரே மாதிரி இருந்திருந்தால் என் வேலை சுலபமாக இருந்திருக்கும். என்ன, ஏதோ ஒரு பழைய காய்ச்சலில் சேகர், பிரசன்னா, நான், நீங்கள் எல்லாருமே ஒன்றாகப் போய்ச் சேர்ந்திருப்போம்.