காயல் கரைக் கள்

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த நாட்கள். பாறசாலையில் கூட்டம் என்றால் வழி அடைபடும், காட்டாக்கடை வண்டிகள் வராது. நான் வேலை பார்த்த கள்ளுக்கடைக்கு அந்த வண்டிகளில்தான் கள் வரும். ஒவ்வொரு கலயமாக ருசி பார்த்து, நல்லதைப் பெரிய பானையில் ஊற்றிக் கலப்பது என் வேலை. படிப்பு நாலாம் வகுப்போடு நின்றது. பேசக் கூச்சம். ருசி பார்த்துத் தலையை ஆட்டுவேன். அதுவே போதும் என்றாகிவிட்டது.

வண்டி வராத ஒரு காலையில் பூவாரிலிருந்து ஒரு புதிய ஆள் இரண்டு கலயம் தென்னங்கள் சுமந்து வந்தார். முதலாளி தேங்காய்ச் சிரட்டையில் வாங்கி ஒரு வாய் குடித்துத் துப்பினார்.

"ஓய், இது வெள்ளமாக்கும். கள்ளு எங்க?"

"ஒரு துள்ளி வெள்ளம் சேர்க்கல்ல, மொதலாளி."

"பின்ன, கிணத்துலேருந்து நேரே கோரிட்டு வந்தீரோ?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த ஆளின் முகம் கறுத்துவிட்டது. கள்ளில் தண்ணீர் கலக்கிறவர் என்று பேர் விழுந்தால், மரத்துக்காரர்கள் மறுநாளே அவரை மரத்தில் ஏற விடமாட்டார்கள். அவர் என்னிடம் திரும்பினார்.

"நீ ஒண்ணு குடிச்சுச் சொல்லு, மக்கா."

சிரட்டையை வாங்கினேன். அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீர் போன்ற நிறம். நுரையும் குறைவு. எனக்கும் சந்தேகம்தான். குடித்தபோது நாக்கில் ஒன்றுமே இல்லை. விழுங்கிய பிறகுதான் வந்தது: லேசான இனிப்பு, அதன் பின்னால் புளிப்பு, எல்லாவற்றுக்கும் அடியில், உப்பு என்று சொல்லத் துணிய முடியாத ஓர் உப்பு. தண்ணீர் சேர்த்த கள் வாயில் இரண்டாகப் பிரியும். தண்ணீர் முன்னால் போகும், கள் பின்தங்கும். இது பிரியவில்லை. இன்னொரு வாய் குடித்தேன். மூன்றும் அதே வரிசையில் வந்தன. அத்தனை வருஷம் ருசி பார்த்தும், கனமே இல்லாத ஒன்றுக்குள் இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"என்னலே, வெள்ளம்தானே?"

தலையை ஆட்டினால் முதலாளி தன் வசதிக்கு எடுத்துக்கொள்வார். வாயைத் திறந்தேன்.

"வெள்ளமில்ல, மொதலாளி. வாயில பிரியல்ல. அடியில உப்புண்டு. மரம் உப்புக் காயல் பக்கமாக்கும்."

"காயல்ல கால நனைச்சிட்டாக்கும் நிக்குது," என்றார் அந்த ஆள்.

முதலாளி என்னையே பார்த்தார். "எலே, உனக்கு வாயுண்டா!"

பிறகு சிரட்டையை நீட்டினார். ஊற்றினேன். இம்முறை துப்பவில்லை. விழுங்கிவிட்டு, கண்ணை மூடிக் காத்திருந்தார்.

நான் கலயங்களைத் தூக்கிக்கொண்டு பெரிய பானைப் பக்கம் போனேன்.

"எலே, அதுல ஊத்தாதே," என்றார். "தனியா வை."