வளர்மதி அக்கா வைத்த உயரம்

பேருந்து கீரனூரைத் தாண்டித் திருச்சிக்குப் போய்க்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. எங்கள் ஆர்கெஸ்ட்ராவின் வாட்ஸ்அப் குழுவில், அதை நடத்தும் சேகர் அண்ணன் ஒரு படம் போட்டிருந்தார். வளர்மதி அக்காவின் முகம், சுற்றிலும் பூ வரைந்த சட்டம், கீழே 'நமது குழுவின் தலைசிறந்த பேஸ் கிட்டார் கலைஞர்' என்ற வரி. ஒரு வாரக் காய்ச்சல், ஆஸ்பத்திரி, அவ்வளவுதான். நாற்பது வயதுகூட ஆகவில்லை. படத்தின் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்தன. அவற்றின் நடுவே, ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்கு வேன் எங்கே நிற்கும் என்று ஒருவர் கேட்டிருந்தார். சேகர் அண்ணன் அதற்கும் பதில் போட்டிருந்தார்.

அக்கா இருந்தவரை எந்த நோட்டீஸிலும் அவர் பெயர் வந்ததில்லை. பாடகர்கள், கீபோர்டு, டிரம்ஸ், அதன் பிறகு 'மற்றும் குழுவினர்'. "நான் செத்தாத்தான் பேரு போடுவீங்க போலண்ணே" என்று ஒருமுறை வேனில் சொன்னார். வேனே சிரித்தது. சேகர் அண்ணனும் சிரித்தார்.

அக்காவை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். இரங்கல் கூட்டத்தில் பேசியவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை.

அரிமளத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார் அக்கா. கிட்டார், துபாயிலிருந்து அவர் தம்பி கொண்டுவந்தது. கொஞ்ச நாள் வாசித்துவிட்டு அவன் ஆணியில் மாட்டிவிட்டான். அக்கா அதை இறக்கித் துடைத்து, கடையில் ஆள் வராத நேரங்களில் போனைப் பார்த்துத் தானே பழகிக்கொண்டார். குழுவில் நான் பாடுகிறவள். மேடையில் எனக்கு அடுத்த இடம் அவருடையது.

வெயிலில் நின்ற வேனிலிருந்து இறக்கினால் கிட்டாரின் கழுத்து லேசாக வளைந்திருக்கும். அதனால் எந்த ஊராக இருந்தாலும் அக்கா முதலில் செய்வது ஒன்றுதான். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளில் முதலாவதிலும் கடைசியிலும் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொள்வார். நடுவில் கம்பிக்கும் பட்டைக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிப் பார்ப்பது என் வேலை. இறுகாமலும் தொளதொளக்காமலும் கார்டு நுழைந்தால் கழுத்து சரி. இல்லையென்றால் கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டின் முனையை ஆலன் கீ என்கிற சின்னத் திருகுச் சாவியால் கால் சுற்று திருப்புவார், காத்திருப்பார், மறுபடி பார்ப்பார். அந்தக் கார்டு சேகர் அண்ணனுடையது. கோட்டு போட்ட அவருடைய படம் அதில் இருந்தது. "நம்ம அண்ணன் இதுக்காவது ஒதவுறாரே" என்பார் அக்கா.

கழுத்து சரியான பிறகு கம்பியின் உயரம். அக்கா விரலால் பலமாக இழுத்து வாசிப்பவர். அந்த வாசிப்புக்குக் கம்பி கழுத்திலிருந்து சற்று எழும்பி நிற்க வேண்டும். தாழ்த்தி வைத்தால் விரலுக்குச் சுலபம்தான். ஆனால் பலமாக இழுக்கும்போது கம்பி பட்டையில் மோதிக் கரகரக்கும். "கம்பிக்கு ஆட எடம் வேணும்ல. எடத்தக் குடுக்காம சத்தம் சரியில்லன்னா என்ன நாயம்?" என்று கேட்பார்.

ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு திருவிழா மேடையில்தான் அது தொடங்கியது. முந்தைய கச்சேரி முடிந்து கிட்டார் வேனிலேயே இருந்திருந்தது. உறையிலிருந்து எடுத்ததுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது.

"கம்பிய யாருண்ணே தொட்டது?"

"நாந்தாம்மா. திருச்சிக் கடையில குடுத்து எறக்கி வச்சேன். பொம்பளப் புள்ள கை, நோகும்ல."

"எனக்கு நோகுதுன்னு நான் சொன்னேனாண்ணே?"

"நீ சொல்லமாட்ட. நாமதான் பாத்துச் செய்யணும்."

கச்சேரி தொடங்கும் நேரம். ஏற்றி வைக்க அவகாசம் இல்லை. முதல் பாட்டிலேயே கரகரத்தது. சவுண்டு மிக்ஸரில் இருந்தவர் பேஸ் சத்தத்தைக் குறைத்தார். இடைவேளையில் கீபோர்டு பாபு, "என்னக்கா, உள்ள ஈயப் புடிச்சு விட்டிருக்கீங்களா?" என்றான். சேகர் அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே, "என்ன இருந்தாலும் பொம்பளக் கைக்கு அந்த அழுத்தம் வராதுப்பா" என்றார்.

கம்பியை இறக்கியவர் அவர். அதனால் வந்த கரகரப்பை அக்காவின் கை மேல் போட்டவரும் அவர். இரண்டையும் அன்பாகவே செய்தார். அதிலிருந்து ஒவ்வொரு முறையும் அக்கா வீட்டுக்குப் போய் உயரத்தை ஏற்றுவார். வேனில் விட்டுவிட்டு வந்தால் யாராவது பெருந்தன்மையாக இறக்கி வைப்பார்கள். நான் அண்ணனிடம் நேராகவே சொன்னேன், அது கையின் குறை இல்லை, கம்பியின் உயரம் என்று. "நீ பாடுறதப் பாரு தாயி" என்றார்.

பிறகு அரிமளத்திலேயே கச்சேரி வந்தது, அக்காவின் சொந்த ஊரில். கிட்டாரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறாள் என்று குறைபட்ட அவர் அம்மா அன்றுவரை ஒரு கச்சேரிக்கும் வந்ததில்லை. அன்று முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தம்பியும் லீவில் வந்திருந்தான். தான் வாசிப்பதை அம்மா ஒரு தடவையாவது கேட்க வேண்டும் என்பதைத் தவிர அக்கா வேறெதுவும் பேசவில்லை, வாரக்கணக்காக.

அக்கா புடவை மாற்றப் போயிருந்த நேரத்தில் பாபு ஆலன் கீயை எடுத்திருக்கிறான். "கம்பி ஒசரமா இருந்துச்சுக்கா. ஒங்க ஊரு, கை வழுக்கிட்டுப் போகட்டுமேன்னு கழுத்த நல்லா முறுக்கி விட்டேன்" என்றான். கால் சுற்று வீதம் பொறுத்துச் செய்கிற வேலையை ஒரே மூச்சில் முழுச் சுற்றுகளாகச் செய்திருந்தான். கழுத்து பின்பக்கமாக வளைந்து, கம்பிகள் பட்டைகளின் மேல் படுத்துக் கிடந்தன. அக்கா தண்டைத் தளர்த்திப் பார்த்தார். கழுத்து உடனே திரும்பி வரவில்லை.

"ஒண்ணும் கொறஞ்சு போகல வளரு" என்றார் சேகர் அண்ணன். "ரெக்கார்டு டிராக்ல பேஸ் இருக்கு, ஓட விட்டுக்கலாம். நீ சும்மா கையில புடிச்சு நில்லு. யாருக்குத் தெரியப் போவுது?"

அக்கா நின்றார். ஒயர் செருகாத கிட்டாரில் விரல்களை ஓட்டியபடி, கச்சேரி முடியும்வரை, தன் ஊருக்கு முன்னால் நின்றார். எனக்கு அவர் மீதும் கோபம் உண்டு. அது இன்னும் தீரவில்லை. கீழே வைத்துவிட்டு இறங்கி வந்திருக்கலாம். கச்சேரி முடிந்ததும் அவர் அம்மா மேடை ஓரத்துக்கு வந்து, "நல்லா வாசிச்சடி. எனக்கே என்னமோ மாதிரி ஆயிருச்சு" என்றார். அக்கா, "சரி ஆத்தா, வீட்டுக்குப் போங்க, வாரேன்" என்றார். உறையைப் பூட்டிக்கொண்டு இறங்கியவர் அதன் பிறகு எங்கள் வேனில் ஏறவில்லை. குழுவில் யாரும் போய்க் கூப்பிடவும் இல்லை. டிராக் போதுமானதாக இருந்தது.

சில வாரம் கழித்து ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கழுத்து பழைய நிலைக்கு வந்திருந்தது. கம்பிகள் அவருக்கு வேண்டிய உயரத்தில் நின்றன. சின்ன ஆம்ப்ளிஃபயரில் தடித்த கம்பியை ஒருமுறை இழுத்தார். கண்ணாடி மேசை அதிர்ந்தது. சுத்தமான, அடி வயிற்றில் இறங்குகிற சத்தம். ஆதார் அட்டை நகலெடுக்க வந்தவர் திரும்பிப் பார்த்தார். "ஆத்தா இந்தச் சத்தத்தக் கேட்டாங்களாக்கா?" என்றேன். "எதுக்கு? அவங்கதான் கேட்டுட்டதா நெனச்சுக்கிட்டிருக்காங்களே" என்றார்.

புதுக்கோட்டையில் ஒரு மண்டபத்தில் இரங்கல் கூட்டம் நடத்தினார்கள். கிட்டாரை அவர் அம்மா குழுவுக்கே கொடுத்துவிட்டிருந்தார். நாற்காலியில் சாய்த்து மாலை போட்டிருந்தது. சேகர் அண்ணன் மைக்கில் அழுதார். உண்மையாகவே அழுதார். "என் தங்கச்சி கை நோகக் கூடாதுன்னு கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டேன். இன்னைக்கும் கம்பிய எறக்கித்தான் வச்சிருக்கேன்" என்றார். பிறகு பாபு அஞ்சலியாகத் தடித்த கம்பியைப் பலமாக ஒருமுறை இழுத்தான். மண்டபம் முழுக்கக் கரகரத்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். அக்காவின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படியே அவ சத்தம்டி" என்றார். நான் தலையாட்டினேன்.

கிட்டார் இப்போது அவர்களிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது அந்த விசிட்டிங் கார்டு. ஓரமெல்லாம் நைந்து, சேகர் அண்ணனின் கன்னத்துக்குக் குறுக்கே கம்பி உரசிய கோடுகள் விழுந்திருக்கின்றன. அவர் படத்தை நான் பத்திரப்படுத்துவேன் என்று சொல்லியிருந்தால் அக்கா விழுந்து விழுந்து சிரித்திருப்பார். சில சமயம் அதை விரலிடையில் பிடித்துப் பார்க்கிறேன். ரொம்ப மெல்லிய அட்டை. அக்கா உங்களிடம் கேட்ட இடம் ஏறக்குறைய அவ்வளவுதான்.