ஈரல் மட்டும் கிடையாது

வேட்டைக்காரர்கள் சுட்டுக்கொண்டு வரும் காட்டுப்பன்றியைத் தோலுரித்துத் துண்டு போடும் கொட்டகையில் அவளுக்குக் கத்தியக்கா என்று பெயர். புருஷன் போனபின் அவன் கத்தியை எடுத்தவள். 'பொம்பளைக்கு இதெல்லாம் சரிப்படுமா' என்று மூக்கை நுழைத்தவர்கள்தான் இன்று அவள் மேசைமுன் கைகட்டி நிற்கிறார்கள்.

அங்கே ஒரு வழக்கம். சுட்டவனுக்குத்தான் ஈரல். அங்கேயே தணலில் ஒரு புரட்டுப் புரட்டி, உள்ளே சிவப்பாக இருக்கும்போதே தின்றால்தான் அவன் ஆம்பிளை. வேகவைத்துத் தின்றால் மானம் கப்பலேறிவிடுமாம்! போன வருடம் யாரோ நீட்டிய துண்டை அவளும் வாயில் போட்டாள். சில வாரங்களில் கண் மஞ்சளித்துப் படுத்தவள், எழுந்து நடமாட மாதக்கணக்காயிற்று.

"பன்றி ஈரல்ல இருந்த வைரஸ்மா. வேகாம தின்னா ஒட்டிக்கும்" என்றார் டாக்டர். கர்ப்பிணிக்கு வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றும் சொன்னார். அன்றிலிருந்து அவள் மேசைக்கு வரும் ஈரலெல்லாம் நேராகச் சுண்ணாம்புக் குழிக்குத்தான். முறைத்துக்கொண்டு சிலர் வேறு கொட்டகைக்குப் போனார்கள். போனால் போகட்டும் என்றிருந்தாள்.

அப்புறம் அவள் மாப்பிள்ளையே வந்து நின்றார். முதல் பன்றி, தலைகால் புரியாத சந்தோஷம். வீட்டில் மகள் மாசமாக இருக்கிறாள்.

"அத்தை, ஈரலை எடுத்து வைங்க. அவளுக்கு ரத்தம் கம்மியா இருக்காம்."

"கறி எவ்வளவு வேணாலும் கொண்டு போங்க மாப்ளே, நல்லா கொதிக்க வச்சுக் குடுங்க. ஈரல் மட்டும் கிடையாது."

"வேக வச்சேதான் குடுப்பேன்."

"நீங்க வேகவைக்கிற லட்சணம் தெரியாதா? வெளிய கரி, உள்ள ரத்தம்!"

கொட்டகையே சிரித்தது. மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று. அவர் ஈரல் தட்டை எட்டிப் பிடிப்பதற்குள் அவள் அதைத் தூக்கிக்கொண்டுபோய், எல்லோரும் பார்க்கக் குழியில் கொட்டினாள். மாப்பிள்ளையை நாலு பேர்முன் அவமானப்படுத்தினால் மகள் யார் பக்கம் நிற்பாள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன?

"இனி உங்க வாசப்படிய மிதிச்சா என்னை ஏன்னு கேளுங்க. உங்க பொண்ணும் உங்ககூடப் பேசமாட்டா!" கறியைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

"என்னக்கா, ஒரு ஈரலுக்காகப் பொண்ணையே பகைச்சுக்கிட்டியே?" என்றான் தராசுக்காரன்.

அவள் கையுறையைக் கழற்றி, சோப்புப் போட்டு முழங்கைவரை தேய்த்துக் கழுவினாள். கண் கலங்கியதைத் துடைக்கவில்லை.

"பேசாம இருக்கட்டும்டா. என்மேல கோவிச்சுக்கவாவது அவ உசுரோட இருக்கணும்ல?"