கண்ணாடிக்கு வெளியே எட்டு விரல்

போன வாரம் அண்ணன் மகன் வீட்டுக்கு வந்தான். வந்ததும் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். "பாருங்க சித்தப்பா, நூறுன்னு சொல்லித்தான் இன்டர்நெட் போட்டாங்க. படம் இறங்குறது பன்னிரண்டுலதான். நல்லா ஏமாத்துறாங்க லா."

சிரித்துவிட்டேன். யாரும் ஏமாற்றவில்லை, அந்த நூறு உதிரிக் கணக்கு, இந்தப் பன்னிரண்டு பொட்டலக் கணக்கு, எட்டால் வகுத்துப் பார் என்றேன். வகுத்துப் பார்த்துவிட்டு அவன் வாயை மூடிக்கொண்டான். எனக்குத்தான் மூட முடியவில்லை. பொட்டலம் என்ற சொல்லோடு கறிபாப் வாசனையும் வந்துவிட்டதே.

பாக்கியம் அக்காவின் கறிபாப். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாயான் லெப்பாஸில் ஹார்ட் டிஸ்க் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நான் டெக்னிஷியன். அக்கா அங்கே ஆபரேட்டர். அக்கரையில் கெப்பாலா பத்தாஸிலிருந்து, நான் வரும் அதே பேக்டரி பஸ்ஸில், கடல் பாலம் தாண்டித் தீவுக்கு வருவார். மடியில் ஒரு பை, அதில் உருளைக்கிழங்கு மசாலாவை மாவுக்குள் மடித்துப் பொரித்த கறிபாப், எட்டு எட்டாகக் காகிதத்தில் மடித்திருக்கும். ஏன் எட்டு என்று கேட்டால், "என் சட்டியில ஒரு தடவைக்கு எட்டுதான் வேகும் தம்பி. அதுக்கு மேல போட்டா ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும்" என்பார்.

பஸ் முழுக்க மசாலா வாசனை. தூசி நுழையக் கூடாத வேலை அறைக்குள் போனால் துடைக்கிற ஆல்கஹாலின் வாடை மட்டும். வெள்ளை அங்கி, முக்காடு, முகமூடி எல்லாம் மாட்டிய பிறகு ஒருவருக்குக் கண் மட்டுமே மிஞ்சும். காற்றைச் சலிக்கும் விசிறிகளின் இரைச்சலில் பேச்சு எடுபடாது. அதனால் கையால் பேசுவோம். மணிக்கட்டைத் தட்டினால் நேரமாகிவிட்டது. காதைத் தொட்டால் சூப்பர்வைசர் வருகிறார். இரண்டு கைகளையும் மார்பில் குறுக்காக வைத்தால் ரிஜெக்ட், கழித்துப் போடு. இந்த மொழியிலேயே காதலைச் சொல்லிக் கல்யாணம் வரை போனவர்களும் உண்டு. எனக்கு அந்த அளவுக்கு விரல் ஓடவில்லை.

அந்த வருடம் அக்கா டெக்னிஷியன் பரீட்சைக்குப் பெயர் கொடுத்தார். ஆபரேட்டருக்கு மூன்று ஷிப்ட், டெக்னிஷியனுக்குப் பகல் மட்டும். அவருக்கு வேண்டியிருந்தது அந்தப் பகல்தான். "ஒம்போது வருசமா என் மவ என்னைப் பாக்குறதே நான் தூங்கும்போதுதான்" என்று ஒருநாள் பஸ்ஸில் சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். பழைய கையேடுகளைப் படித்துத் தானாகக் கற்றவன் என்ற மிதப்பு விடவில்லை. காலண்டர் தாளின் பின்பக்கம் சிவப்பு மையில் ஓர் அட்டவணை எழுதிக் கொடுத்தேன்.

டிஸ்க்கிலிருந்து கணினிக்கு ஒரு நொடியில் எவ்வளவு தகவல் போகும் என்பது அதன் இணைப்பு முறையைப் பொறுத்தது. ஈஎஸ்டிஐ என்ற பழைய முறைக்கு நொடிக்குப் பத்து மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக, ஒன்றேகால் மெகாபைட். அக்கா உடனே பிடித்துக்கொண்டார். "பிட்டு உதிரி கறிபாப்பு, பைட்டு பொட்டலம். அவ்ளோதானே?" அடுத்து வந்த ஸ்கஸி முறைக்கு ஐந்து. அதையும் எட்டால் வகுத்து, அரையே அரைக்கால் மெகாபைட் என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன்.

பரீட்சையன்று காலை, அக்கா உள்ளே போன பிறகு, கான்டீனில் தேநீரை வைத்துக்கொண்டு ஸ்கஸி கையேட்டைப் புரட்டினேன். ஐந்து மெகாபைட் என்று இருந்தது. அது ஏற்கெனவே பொட்டலக் கணக்கு! அதைப் போய் இன்னொரு தடவை வகுத்திருக்கிறேன். பரீட்சையில் டிஸ்க்கின் வேகத்தைச் சோதிக்கும் மிஷினை அந்த எண்ணை நம்பி அமைத்தால், ஊர்ந்து வருகிற டிஸ்க்கும் பாஸாகிவிடும். அக்கா பெயிலாவார். மறுபடி எழுத அடுத்த வருடம்தான்.

தேநீரை விட்டுவிட்டு ஓடினேன். பரீட்சை நடக்கும்போது உள்ளே விடமாட்டார்கள். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா மிஷின் முன்னால் நின்றார். பக்கத்தில் பரீட்சை எடுக்கும் எஞ்சினியர், மலாய்க்காரர், கையில் மதிப்பெண் அட்டையோடு. அக்கா தலையைத் திருப்பியதும் எட்டு விரலை உயர்த்தினேன், எட்டால் வகுக்காதே என்று கைகளைக் குறுக்காக வைத்தேன். எட்டு, ரிஜெக்ட். எட்டு, ரிஜெக்ட். எஞ்சினியர் திரும்பியபோது தலையைச் சொறிந்தேன். அக்கா கண்களை மெதுவாக ஒருமுறை மூடித் திறந்தார். எங்கள் மொழியில் அப்படி ஒரு சைகை கிடையாது. புரிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

அரைமணி கழித்து வெளியே வந்து முக்காட்டைக் கழற்றினார்.

"என்ன தம்பி, கண்ணாடிக்கு வெளிய கரகம் ஆடுற?"

"அக்கா, அந்த ஸ்கஸி..."

"அது போன வாரமே தெரியும். புதுசு பழசை விட மெதுவா ஓடும்னு எழுதியிருக்க. அப்புறம் எதுக்குலா புதுசு? கையேட்டைப் பாத்தேன். அஞ்சுன்னே வச்சுட்டேன்."

"ஏங்க்கா என்கிட்ட சொல்லல?"

"ஓரமெல்லாம் பூ வரைஞ்சு குடுத்திருந்த. அதுல எப்படி அடிச்சு எழுதச் சொல்றது?" முகமூடியை மடித்துப் பைக்குள் வைத்தார். "நீ விரலைக் காட்டினப்பதான் பயந்தே போனேன். அவர் பாத்திருந்தா உன் வேலை போயிருக்கும்."

அவருக்குப் பகல் ஷிப்ட் கிடைத்தது. முதல் வாரம் முடிந்த பிறகு பஸ்ஸில் கேட்டேன், வீட்டில் எப்படி என்று. "'அம்மா, நீ இவ்ளோ பேசுவியா'ன்னு கேக்குறா" என்றார். அன்றைக்கு எனக்கு மட்டும் இரண்டு பொட்டலம்.

ஈஎஸ்டிஐ எப்போதோ போயிற்று. ஸ்கஸியும் போயிற்று, அதன் பட்டைக் கேபிள்களும் போயின. தொழிற்சாலையைச் சீனாவுக்கு மாற்றினார்கள். ஆளுக்கொரு பக்கம் போனோம்.

அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை, தைப்பூசத்தில், தண்ணீர்மலைச் சாலையில் அக்காவைப் பார்த்தேன். சாலையின் எதிர்ப்பக்கம் நின்றார். உறுமி மேளச் சத்தத்தில் கூப்பிட்டுப் பயனில்லை. அவரும் என்னைப் பார்த்துவிட்டார். எட்டு விரலை உயர்த்தினார், கைகளைக் குறுக்காக வைத்தார். பதிலுக்குக் கண்களை மெதுவாக மூடித் திறந்தேன். அதற்குள் நடுவில் ஒரு காவடி புகுந்திருந்தது. அது ஆடி நகர்ந்தபோது அந்த இடத்தில் வேறு யாரோ நின்றார்கள்.