கழுவாத வாளி

ஜிப்சம் பூச்சு வேலைக்கு வந்து எட்டு வருஷம் ஆகிறது. விடியற்காலை மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் போவேன். சாயங்கால ரயிலில் திரும்புவேன். படித்தது ஐந்தாவது வரை. ஜிப்சத்தைப் பற்றிக் கை சொன்னதுதான் தெரியும். ஒரு இன்ஜினியர் மட்டும் ஒரு தடவை விளக்கமாகச் சொன்னார். அது பூமியில் தோண்டும் கல். சுட்டால் உள்ளே இருக்கிற தண்ணீரில் முக்கால்வாசி போய் மாவாகிவிடும். அந்த மாவில் தண்ணீர் சேர்த்தால், போன தண்ணீரைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகும். அப்போது சூடு வரும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஊசிகள் முளைத்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். அந்தக் கோப்புதான் பலம்.

இறுகிய பழைய துண்டு வாளியில் ஒட்டியிருந்தால், புது ஊசிகள் அதைப் பிடித்துக்கொண்டு சட்டென்று முளைக்கும். இருபது நிமிஷம் தாங்க வேண்டிய கலவை ஐந்து நிமிஷத்தில் இறுகிவிடும். அதனால் ஒவ்வொரு கலவைக்கும் வாளியைக் கழுவ வேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சாயங்காலக் கழுவல்தான் கஷ்டம். கழுவிக்கொண்டு நின்றால் ரயில் போய்விடும்.

மாமா, அதாவது அக்கா வீட்டுக்காரர், சிமெண்ட் கொத்தனார். முப்பது வருஷ வேலை. ராபர்ட்சன்பேட்டையில் வேலை குறைந்து, இரண்டு மாதம் சும்மா இருந்தார். அக்கா கேட்டுக்கொண்டதால் எங்கள் மேஸ்திரியிடம் சொன்னேன். ஒரு சுவர் சரியாகப் பூசினால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

மாமா பூசிக் காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம் நான் வாளியைக் கழுவவில்லை. ஓடிப்போய் ரயிலைப் பிடித்தேன். காலையில் அதே வாளியை மாமா கையில் கொடுத்தேன். அடியில் வெள்ளைப் பொருக்கு இருந்தது. பார்த்தேன். பக்கத்தில் மேஸ்திரி நின்றார். கழுவச் சொன்னால் நான் கழுவாதது தெரிந்துவிடும். பேசாமல் இருந்துவிட்டேன்.

நாலு இழுப்பு இழுப்பதற்குள் கலவை கட்டியானது. வாளி சுட்டது. மாமாவுக்கு சிமெண்ட் பழக்கம். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பிசைந்து இளக்கினார். சிமெண்ட் அதைத் தாங்கும். ஜிப்சத்தில் ஊசிகள் ஒடிந்தால் திரும்பக் கோக்காது. நான் என் சுவரிலிருந்து திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாவற்றையும் சுவரில் ஏற்றிவிட்டார். மதியம் மேஸ்திரி சாவியால் கீறினார். மாவாகக் கொட்டியது.

கலவை போட்டது யார் என்று கன்னடத்தில் கேட்டார். நான்தான் என்றார் மாமா. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேஸ்திரி அவரிடம் சொல்லிவிட்டார்.

திரும்பும்போது ரயில் பங்காருப்பேட்டை தாண்டியது. மாமா சொன்னார்.

"முப்பது வருசம் பூசுன கை மச்சா. இன்னா ஆச்சுன்னே தெரில."

"விடுங்க மாமா" என்றேன்.

அதற்கப்புறம் மாமா சிமெண்ட் வேலைக்குக் கூப்பிட்டவர்களிடமும் கை சரியில்லை என்று சொல்லிவிட்டார். அக்கா வேலைக்குப் போக ஆரம்பித்தாள். மழையில் அவர்கள் வீட்டுச் சமையலறைச் சுவர் பெயர்ந்தது. தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய பழைய மைன்ஸ் லைன் வீடு. அக்கா என்னைக் கூப்பிட்டாள். நான் சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, கொத்தனார் வீட்டுக்கே கொத்தனாரா என்று கேலி செய்தார். மாமா சிரிக்கவில்லை.

"என் கை போச்சுபா. அவனே பூசட்டும்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் போனதும் வாளியைப் பற்றிச் சொன்னேன்.

"அன்னிக்கே தெரியுமா உனுக்கு?"

"தெரியும் மாமா."

என் கையிலிருந்து கரணையை வாங்கினார். மீதிச் சுவரை அவரே பூசினார். மட்டமாக வந்தது. நான் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது பங்காருப்பேட்டைப் பக்கம் சிமெண்ட் வேலைக்குப் போகிறார். என்னோடு பேச்சு இல்லை. அக்காவும் வருவதைக் குறைத்துக்கொண்டாள். நானும் ஏன் என்று போய்க் கேட்கவில்லை.